வாய்விட்டுப் படிக்கிறவன்

எல்லாவற்றையும் காதுக்கருவியே சொல்லிவிடுவதால் ஊரில் யாருக்கும் படிக்கத் தெரியாது. இளமாறன் மட்டும் எங்கோ கற்றுக்கொண்டு, கண்ணில் படும் பலகையையெல்லாம் வாய்விட்டுப் படிப்பான். மெட்ரோவில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பழகி இரண்டே மாதமான கார்குழலிக்குக் கூச்சமாக இருக்கும்.

"அப்பா முன்னாடி மட்டும் வேணாம், ப்ளீஸ்," என்று சொல்லித்தான் அவனை வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

அப்பா திறந்து காட்டிய சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்தில், அவள் குழந்தையாக இருந்தபோதே இறந்துபோன அம்மாவின் பென்சில் எழுத்துகள் இருந்தன.

"அவளுக்கு எழுத வரும், எனக்குப் படிக்க வராது. வெறும் கீறல்னு கருவி சொல்லுது, தம்பி," என்றார் அப்பா.

இளமாறன் தயங்கி, குனிந்தான். "பாப்பாவுக்கு இன்னைக்கு... முதல் பல்லு. என் விரலைக் கடிச்சிட்டுச் சிரிக்கிறா."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். கார்குழலி குனிந்து கதவைப் பார்த்தாள்.

"கீழ இன்னும் ரெண்டு வரி இருக்கு மாறா," என்றாள். "சத்தமாவே படி."