சந்தேகமிருந்தால் பெண்கள் உடை

"பட்டன் எந்தப் பக்கம்னு பாத்தா சொல்லிரலாம். இதுல பட்டனே இல்ல சார். ஆம்பளை உடுப்பா, பொம்பளை உடுப்பா? எதுல வரி போட?" மலேசியாவிலிருந்து வந்த பனியன் துணிச் சட்டையைப் புரட்டிக்கொண்டே கேட்டார் உதவியாளர் இம்மானுவேல்.

சுங்க அதிகாரி முத்திருளன் நிமிரக்கூட இல்லை. "சந்தேகமா இருந்தா பெண்கள் உடை. விதியே அதுதான். இதுக்குப் போயி எதுக்குய்யா இம்புட்டு யோசனை?"

போன் அடித்தது; போலீஸ். பேசி முடித்ததும் முத்திருளன் எழுந்தார். இம்மானுவேல்தான் அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

பிணவறையில் ஏட்டு துணியை விலக்கினார். "மேலூர்ப் பக்கம் கண்மாயில கெடந்துச்சு சார். ஆதார்ல பேரு முத்துப்பாண்டி, அப்பா பேரு உங்க பேரு. ஆனா உடுத்தியிருக்கது சேலை, கையில வளையல். ஆணா, பொண்ணா, என்னன்னு எழுத?"

போன ஆடியில், "ஆம்பளையா இருக்கதுன்னா இந்த வீட்ல இரு, இல்லேன்னா போயிரு" என்று மகனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியவர் முத்திருளன்.

"பொண்ணுன்னு எழுதுங்க."

"சந்தேகம் இல்லையே சார்?"

"அவளுக்கு என்னைக்கும் சந்தேகம் இருந்ததில்ல," என்றார் முத்திருளன். "எனக்குத்தான் இருந்துச்சு."