வாட்ச்மேன் வீட்டுத் தகராறு

“மாசக் கடைசிக்குள்ள ரூமைக் காலி பண்ணிடுங்க. இனிமே உங்க தகராறை எங்களால தாங்க முடியாது” என்றார் ராகவேந்திரன், கார் நிறுத்துமிடத்தின் மூலையில் இருந்த வாட்ச்மேன் அறை வாசலில் நின்றுகொண்டு.

உள்ளே துரைராஜ் தன் மனைவி பாஞ்சாலிக்கு உப்புப் போட்ட வெந்நீரை ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பாஞ்சாலிக்குத் தொண்டை கட்டிக் குரலே போயிருந்தது. அந்தக் கத்துக் கத்தினால் போகாமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டார் ராகவேந்திரன்.

மயிலாப்பூரில் இருந்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அவர்தான் செயலாளர். சில மாதங்களாக அவரிடம் வரும் புகாரெல்லாம் இது ஒன்றுதான். இன்று காலையில்கூட இரண்டாம் மாடி ஜலஜா மாமி பிடித்துக்கொண்டாள்.

“நேத்து சாயங்காலம் மறுபடியும் கீழே ஒரே தகராறு. பாத்திரம் உருள்றது, கத்தல், கூச்சல். விளக்கேத்தற நேரம்னுகூடப் பார்க்கறதில்லை. நீங்க நேர் மேலே முதல் மாடியில இருக்கேள், உங்க காதுல விழலையா?”

அவர் காதில் விழவில்லை. ஆச்சரியம்தான், ஒரு தடவைகூட அது அவருக்குச் சரியாகக் கேட்டதில்லை. இருந்தாலும் செயலாளர் அதை ஒப்புக்கொள்ள முடியுமா? தலையை ஆட்டி வைத்தார்.

மத்தியானம் வந்த போன்தான் மானத்தை வாங்கிவிட்டது. மகள் ஷ்ரேயாவைத் தம் பையனுக்குக் கேட்டிருக்கும் அடையாறு சுப்பராமன் பேசினார். “தப்பா நினைச்சுக்காதீங்கோ. பையனைப் பெத்தவா அக்கம்பக்கத்துல விசாரிக்கத்தானே வேணும்? உங்காத்தைப் பத்தி எல்லாரும் ஒசத்தியாத்தான் சொன்னா, பரம சாதுவான குடும்பம்னு. கீழே வாட்ச்மேன் ஆத்துலதான் ஓயாம தகராறாமே?” என்று கேட்டுச் சிரித்தார்.

ராகவேந்திரனுக்குக் கூசிப் போயிற்று. எவ்வளவு நல்ல சம்பந்தம்! இந்த இரண்டு பேரால் அது கெட்டுவிடக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

மனைவி நீரஜாவிடம் சொன்னபோது அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. “அவா பாவம், விட்டுடுங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். நேற்றிலிருந்தே அவள் அப்படித்தான். கல்யாண மண்டபம் தி. நகரிலா, மேற்கு மாம்பலத்திலா என்பதில் இருவருக்கும் சின்னதாக ஒரு கருத்து வேறுபாடு.

சொற்களில் ராகவேந்திரன் கறார்ப் பேர்வழி. ஆபீசில் நடந்தால் அபிப்பிராய பேதம், தம் வீட்டில் நடந்தால் கருத்து வேறுபாடு. தகராறு என்ற சொல்லைத் தண்ணீர் மோட்டாருக்கும் லிஃப்டுக்கும் வாட்ச்மேனுக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்தார்.

“சார், ஆத்தோரத்துல இருந்த குடிசைய இடிச்சு, எங்கள ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துல கொண்டுபோய்ப் போட்டுட்டாங்க. அங்கேர்ந்து தெனம் வந்து போவ முடியாதுன்னுதான் இந்த ரூம்புல கீறோம். எங்க பொண்ணு நிலாவுக்கு இஸ்கூலும் இங்கதான் கீது. கொஞ்சம் பாருங்க சார்” என்றான் துரைராஜ்.

“இதெல்லாம் கத்தறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.”

பாஞ்சாலி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். “கம்முனு இரு” என்று துரைராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். தட்டு இன்னும் தரையில் கிடந்தது. இவ்வளவு ஒட்டுதலாக இருப்பவர்கள் எப்படித்தான் அப்படி அடித்துக்கொள்கிறார்களோ என்று ராகவேந்திரனுக்கு ஒரு கணம் தோன்றியது. அதை உதறிவிட்டு அறிவுரையில் இறங்கினார்.

“இங்க பாரும்மா. புருஷன் பெண்டாட்டின்னா எல்லா வீட்லயும்தான் இருக்கும். எங்க வீட்ல மட்டும் இல்லையா? கருத்து வேறுபாடு வரும், பேசித் தீர்த்துக்குவோம். ஒரு நாளாவது எங்க சத்தம் வெளியில கேட்டிருக்கா?”

பாஞ்சாலி கையை விடுவித்துக்கொண்டாள்.

“கேக்காது சார்” என்றாள் கரகரத்த குரலில். “மின்ன ஒரு தபா தெரு பூரா கேட்டுச்சு. உங்க வூட்டு மாமி இந்தப் படியில வந்து குந்திக்கினு, ‘மானமே போறதே பாஞ்சாலி’ன்னு அழுதாங்க. எனக்கு மனசு தாங்கல. அன்னிலேர்ந்து மேல நீங்க ஆரம்பிச்சா, கீய நாங்களும் ஆரம்பிச்சிடுவோம். இது பாத்திரத்த உருட்டும், நான் கத்துவேன். அப்பால உங்களுது எப்டி சார் வெளிய கேக்கும்?”

ராகவேந்திரனுக்கு நேற்று மாலை தாம் வீசி எறிந்த டபரா நினைவுக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த இரண்டு பேர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. மாடியேறி நீரஜாவின் முகத்தைப் பார்க்கவும் தைரியம் இல்லை. காலி பண்ண வேண்டாம் என்று சொல்ல நினைத்தார்.

அவர் வாயடைத்து நின்றதைக் கோபம் என்று நினைத்துக்கொண்ட துரைராஜ், கையைக் கட்டிக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னான்:

“போயிடறோம் சார். ஷ்ரேயா பாப்பா கல்யாணம் வரைக்கும் மட்டும் கத்திட்டுப் போயிடறோம்.”