கண்ணில் வைத்த பொட்டு

ஈரத் துணி அவள் கையில் இருந்தது.

இன்னும் துடைக்கவில்லை.

தகடு அழுத்தும் பிரஸ் மெஷினுக்கு முன்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தூண்கள். தூண்களில் வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கண்கள். குறுக்கே கை போனால் அவை பார்த்துவிடும். மேலிருந்து இறங்கும் இரும்பு பாதியில் நின்றுவிடும்.

இன்று அவை எதையும் பார்க்கவில்லை.

கண்களின் மேல் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம்.

முந்தாநாள் ஆயுத பூஜை. மெஷினுக்குத் திருஷ்டி படக்கூடாது என்று யாரோ பக்தியோடு, ஒரு கண் விடாமல் வைத்த பொட்டு.

சிவப்பு விளக்கு எரிந்தது. கண் மறைந்தால் மெஷின் ஓடாது. மெஷினைச் செய்தவனுக்கு அந்த அளவு புத்தி இருந்தது.

"தொடாதம்மா," என்றார் சூப்பர்வைசர் ஏகாம்பரம். "சாமிப் பொட்டு. தானா உதிரணும். நாமளா அழிச்சா வருசம் பூரா வெளங்காது."

உதிரும்வரை மெஷின் சும்மா நிற்கவும் கூடாது. மதியம் லாரி வந்துவிடும்.

எலக்ட்ரீஷியன் டில்லிபாபு வந்துகொண்டிருந்தான். கையில் ஒரு சாண் வயர். அதை மெஷினின் கரண்ட் பெட்டிக்குள் மாட்டிவிட்டால் போதும். கண்களைக் கேட்காமலே மெஷின் ஓடும்.

போன வருடமும் மாட்டினான்.

கழற்ற மறந்துபோனான்.

ஒன்பது நாள் நன்றாகத்தான் ஓடியது. பத்தாம் நாள், கோணலாக உட்கார்ந்த தகட்டைச் சரிசெய்யக் கன்னியப்பன் கையை உள்ளே விட்டான். வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரே சொல் எழுதினார்கள். கவனக்குறைவு.

யாருடையது என்று எழுதக் கட்டத்தில் இடம் போதவில்லை.

இந்த வருடம் அந்த மெஷினில் அவள்.

"ஒரு துண்டு வயருதான், அக்கா," என்றான் டில்லிபாபு. "மெஷினுக்குக் கண்ணு தெரியலன்னா இன்னா? ஒனக்குத் தெரியுதுல்ல?"

நாலு பேர் சிரித்தார்கள்.

சுவரில் 'பாதுகாப்பே முதல் கடமை' பலகை. அதற்கும் மாலை போட்டிருந்தார்கள். மாலை முதல் இரண்டு எழுத்தை மறைத்துவிட்டது. 'காப்பே முதல் கடமை' என்று மட்டும் தெரிந்தது.

பலகையை மாட்டியவர் பாதுகாப்பு அதிகாரி மணவாளன். போன வாரம் படம் போட்டு இரண்டு மணி நேரம் வகுப்பெடுத்தார். ஆபத்தைக் கண்டால் அடுத்தவர் வரட்டும் என்று நிற்காதீர்கள், நீங்களே முன்வந்து தடுங்கள் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பஜ்ஜி கொடுத்தார்கள்.

பூஜையன்று வாசலில் பூசணிக்காய் உடைத்தவரும் அவர்தான். இன்று காலை அதில் ஒரு ஸ்கூட்டர் வழுக்கி விழுந்தது. விழுந்த இடம் கேட்டுக்கு வெளியே. அது விபத்து ஆகாது.

அவள் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தானாக உதிர வேண்டிய பொட்டு.

எட்டு வருடத்துக்கு முன்னால் இதே ஷெட்டின் கூரை ஒழுகியது. அவள் கணவனை ஏறச் சொன்னார்கள். ஷீட் உடைந்தது. இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டிய பெல்ட் ஆபீஸ் பீரோவில், உறை பிரிக்காமல் இருந்தது.

இப்போதும் அங்கேதான் இருக்கிறது. முந்தாநாள் அதற்கும் பொட்டு வைத்தார்கள்.

'அனுமதியின்றி ஏறினார்' என்று அந்த அறிக்கை சொன்னது. பிறகு இரக்கப்பட்டு அவளுக்கு இந்த வேலை.

காரியத்தன்று நாலு பெண்கள் அவளைச் சூழ்ந்து உட்கார்ந்து, ஈரத் துணியால் அவள் நெற்றியைத் தேய்த்தார்கள்.

தானாக உதிரட்டும் என்று யாரும் சொல்லவில்லை.

எப்படித் துடைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அழுத்தி, ஒரே இழுப்பு.

துடைத்தாள்.

"ஐயோ, நீ போயா தொடுவே!" என்றார் ஏகாம்பரம்.

அவள் அடுத்த தூணையும் துடைத்தாள்.

விளக்கு பச்சையானது.

பெடலை அழுத்தினாள். இரும்பு இறங்கத் தொடங்கியதும் கையிலிருந்த துணியைக் குறுக்கே வீசினாள். இரும்பு அந்தரத்தில் நின்றது.

டில்லிபாபு வயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டான்.

மதியம் லாரி வந்தது. நிரம்பிப் போனது.

நாலு மணிக்கு ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள்.

மணவாளன் எழுந்து நின்று மெமோவை வாசித்தார். நல்ல உச்சரிப்பு. பாதுகாப்புச் சாதனத்தை அனுமதியின்றித் தொட்டது. சக தொழிலாளர்களின் மனம் புண்படும்படி நடந்தது. மறுமுறை நடந்தால் வேலை இல்லை.

"எனக்கு உன்மேல கோபம் ஒண்ணும் இல்லம்மா," என்றார். "விதி அப்படி. பொறுப்புள்ளவங்க தவிர யாரும் அதைத் தொடக்கூடாது."

பொட்டு வைத்தவர் யாரிடம் அனுமதி வாங்கினார் என்று அவள் கேட்கவில்லை.

அவர் மோதிர விரலின் நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் சந்தனம் இருந்தது.

"கையெழுத்து வராதில்ல? ரேகை வெச்சுட்டுப் போ. யாருப்பா அங்க, அந்த மைப்பெட்டியக் கொண்டா."

கன்னியப்பன் கொண்டுவந்தான். விரல் போனபிறகு அவனுக்கு ஆபீசில் டீ வாங்கும் வேலை. மூன்று விரலால் மூடியைத் திறக்க முயன்றான். வழுக்கியது. வயிற்றோடு அணைத்துக்கொண்டு மறுபடி முயன்றான்.

மூடி திறக்கும்வரை அவளும் மணவாளனும் காத்திருந்தார்கள்.

அவள் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள்.

"எந்த வெரலு வேணும் சார்?"