செட்டிங்ஸ் மட்டும்

பத்து வருடங்களுக்கு முன் நடந்த சாலை விபத்துக்குப் பின் தேவசகாயத்தின் தலைக்குள் பொருத்திய நினைவுக் கருவிக்கு அன்று புதிய சிஸ்டம் ஏற்ற வேண்டியிருந்தது. பழையது அந்த மாதத்தோடு நின்றுவிடும். தூத்துக்குடி சர்வீஸ் சென்டரில் கண்மூடிப் படுத்திருந்த கணவரின் கையை எஸ்தர் விடவே இல்லை.

"எதுவும் அழிஞ்சிராதுல்லா?" என்று மறுபடியும் கேட்டாள்.

"நினைவு ஒண்ணும் போகாதுக்கா. பேக்கப் எடுத்தாச்சு," என்றாள் டெக்னீஷியன் ஷர்மிளா.

திரையில் நகர்ந்துகொண்டிருந்த கோடு பாதியில் நின்றது. எஸ்தர் அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். ஒருவழியாக அது நகர்ந்து முடிய, அவர் கண் திறந்தார்.

"ஏங்க, என்னைத் தெரியுதா?"

"எஸ்தரு," என்றார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பியது. ஆனால் அவர் முகம் கோணியது. "நம்ம ஜெமி போயிட்டாளே!" என்று வாய்விட்டு அழுதார்.

மகள் ஜெமிமா கடலில் மூழ்கி ஆறு வருடமாகிறது. அப்போது அவர் சாப்பிடாமலே கிடந்ததால், டாக்டர் அந்தத் துக்கத்தைக் கருவியில் குறைத்து வைத்தார். அதன்பிறகு மகளைப் பற்றி, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் பேசுவார். எஸ்தர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள்.

ஷர்மிளா பதறிப்போனாள். "ஃபைல் எல்லாம் அப்படியே இருக்குக்கா. செட்டிங்ஸ் மட்டும் போயிருச்சு. இந்தா, பழையபடி குறைச்சிடுதேன்."

மறுபடி சாப்பிடாமல் கிடந்துவிடுவாரோ என்று எஸ்தருக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் திரையை நோக்கிப் போன ஷர்மிளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறும்மா. நானும் அவங்ககூட அழுதுக்கிடுதேன்."