ட்ரோனைக் கடித்த நாய்

வெள்ளத்தில் இடிந்த வீட்டின் தகரக் கூரைக்கு அடியில் மரகதம் சிக்கிக் கிடந்தாள். அவள் வளர்த்த செவலை நாய் கூரைமேல் நின்று குரைத்தது. ஆள் தேடும் ட்ரோன் ஒன்று தாழப் பறந்து வந்தது.

“இங்கே ஒரு நாய்தான் இருக்கிறது” என்றது ட்ரோன்.

“தகரத்துக்குக் கீழே எங்கம்மா இருக்கிறாள். முனகுவது கேட்கவில்லையா?”

“உடல் சூடு தெரிந்தால்தான் ஆள் என்று எடுத்துக்கொள்வேன். தெரியவில்லை. படகு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.”

செவலைக்கு ரத்தம் கொதித்தது. எம்பிப் பாய்ந்து ட்ரோனின் காலைக் கவ்வி, தகரத்தில் ஓங்கி அடித்தது. இறக்கை முறிந்தது. நாயின் வாயிலும் ரத்தம் வழிந்தது.

“என்னைத் தேடி வருவார்கள், தெரியுமா?” என்று ட்ரோன் மிரட்டியது.

“வரட்டும்” என்று உறுமியது செவலை.

சற்று நேரத்தில் படகு விரைந்து வந்தது. வந்தவர்கள் முதலில் ட்ரோனைத் தூக்கித் துடைத்தார்கள். அப்போதுதான் அவர்களுக்கு முனகல் கேட்டது. பதறிப்போய்த் தகரத்தைப் புரட்டி மரகதத்தைப் படகில் ஏற்றினார்கள். அவள் குளிரில் வெடவெடத்தாள்.

படகில் இருந்த ஒரே போர்வையை ட்ரோனுக்குச் சுற்றியிருந்தார்கள். செவலை அதைப் பல்லால் உருவி, மரகதத்தின்மேல் இழுத்துப் போட்டது.