வயது பதினொன்று

"பொண்ணுக்கு என்ன வயசு?" விற்பனைப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்த நோட்டரி கேட்டார்.

"பதினொண்ணு," என்றான் அடிமை வியாபாரி.

நோட்டரி சிறுமி ஒதிலை ஏற இறங்கப் பார்த்தார். பொடிசாக இருந்தாள். பத்து வயது நிரம்பாத பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விற்கக் கூடாது என்பது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் அன்றைய சட்டம்.

தாய் செலனியைக் கரும்புத் தோட்டத்துக்கு ஏற்கெனவே விற்றாகிவிட்டது. மகளை வாங்க வந்திருப்பவள் மர்சலீன். நியூ ஆர்லியன்ஸில் தையல் கடை வைத்திருக்கும் கறுப்புப் பெண், அடிமையல்ல. தன் இனத்தையே விலைக்கு வாங்க வந்தவளை வாசலில் நின்ற அடிமைகள் முறைத்தார்கள்.

நோட்டரி பக்கத்தில் நின்ற செலனியிடம் திரும்பினார். "நீ சொல்லு. பத்து ஆகலைன்னா பிரிக்க மாட்டேன். தோட்டத்துக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாம்."

வியாபாரிக்கு வியர்த்தது.

"பதினொண்ணு முடிஞ்சுது தொரை," என்றாள் செலனி.

ஒதில் திகைத்துப் போனாள். "ஒம்பதுன்னுதானேம்மா சொன்னே?"

பளீரென்று கன்னத்தில் விழுந்தது அறை. "எண்ணத் தெரியாத கழுதை, வாயை மூடு."

நோட்டரியின் பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது. பெற்றவளே சொன்ன பிறகு அவர்தான் என்ன செய்வார்? பதினொன்று என்று எழுதினார்.

"இதெல்லாம் ஒரு பெத்த வயிறா?" என்று வாசலில் ஒருத்தி காறித் துப்பினாள். செலனி காதில் வாங்காதவள் போலப் படகுத்துறைக்கு நடந்தாள்.

மர்சலீன் ஒதிலை இரண்டு தெரு தாண்டிக் கூட்டிப் போனாள். ஆளில்லாத ஒரு சந்தில் அவளோடு உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்கு என்னைப் பிடிக்கலையா?" ஒதில் விசும்பினாள்.

மர்சலீன் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நான் உன் சித்திடி. உங்கம்மா கூடப் பொறந்தவ. அந்த வியாபாரிக்குத் தெரிஞ்சா விலையை ஏத்திடுவான்னுதான் மூச்சு விடலை. பத்து வருஷம் தைச்சுச் சேர்த்தது ஒரு ஆளை மீட்கத்தான் பத்துச்சு. போன வாரம் அவனோட கொட்டடி வேலி வழியா, 'அக்கா, உன்னை மீட்டுக்கட்டுமா'ன்னு கேட்டேன். அவ கையை நீட்டி, தூங்கிட்டிருந்த உன்னைக் காட்டினா."