முப்பதாம் நாள்

ஆயுள் காப்பீட்டுப் படிவம் எதுவானாலும் எங்கள் மாநிலக் காப்பீட்டுக் கண்காணிப்பு அலுவலகம் ஒப்புதல் தந்த பிறகே புழக்கத்துக்கு வரும். காப்பீட்டு நிறுவனங்கள் அதில் மாதிரிக்காக ஏதாவது கற்பனைப் பெயரை நிரப்பி அனுப்பும். பெரும்பாலும் ஜான் டோ.

சென்ற ஆண்டு மார்ச்சில் வந்த, இறந்தவரின் காப்பீட்டுத் தொகையைக் கோரும் படிவத்தில் வெண்டல் ஹாஸ்கின்ஸ் என்றிருந்தது. என் கணவர் பெயர், எங்கள் முகவரி. இறந்த நாள் ஏப்ரல் ஒன்பது. படிவம் வந்து முப்பது நாளுக்குள் நாங்கள் பதில் சொல்ல வேண்டும்; அந்த முப்பதாம் நாளும் அதுதான்.

எழுத்து சிறியது என்று திருப்பி அனுப்பினேன். திருத்தி அனுப்பினார்கள். பெயர் மாறவில்லை, தேதி மட்டும் மே ஒன்பது ஆகியிருந்தது. அடுத்து ஓர இடைவெளி போதாது என்றேன். பிறகு பக்க எண் இல்லை என்றேன். இப்படிப் பதினோரு முறை; ஒவ்வொரு முறையும் இறந்த நாள் ஒரு மாதம் தள்ளிப்போனது.

கடைசியாக வந்த படிவத்தில் இறந்த நாள் மார்ச் ஒன்பது. இன்று. புதிதாக ஒரு குறையைத் தேடிக்கொண்டிருந்தபோது மேலாளர் டார்லீன் வந்தாள்.

"போதும் லொரெட்டா, அவங்களை எத்தனை தடவை அலையவிடுவே? காலையில நானே ஒப்புதல் போட்டுட்டேன்."

"அதுல இருக்கற பேரு..."

"உன் புருஷன் பேருதான், பாத்தேன். சும்மா மாதிரிக்குப் போடறதுதானேடி! அதுக்காக அவரு செத்தா போயிடுவாரு?"

"ஒப்புதலைத் திரும்ப வாங்க முடியாதா?"

"முடியும். முப்பது நாள் நோட்டீஸ் குடுக்கணும்."

மணி பதினொன்று. வீட்டுக் கூரையில் ஏறி, குவிந்திருக்கும் பனியைத் தள்ளப்போவதாக வெண்டல் காலையில் சொல்லியிருந்தார்.